பார்த்துப் பழகிய முகம்

ஜூன் 11, புதன்

முப்பத்து நான்கு வருஷம் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடந்தவள், பார்வை வந்த ஆறு வாரத்தில் நாலு தடவை கதவு நிலையில் முட்டிக்கொண்டேன். இன்று முற்றத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. காலை எட்டி வைத்துத் தாண்டினேன். கொடியில் காய்ந்த சேலையின் நிழலாம் அது. மதினி சிரித்துவிட்டாள். முத்துமீனாள் மதினி, இவருடைய அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். "நெழலுக்குப் போயி யாராவது காலைத் தூக்குவாளாட்டி?" என்றாள். நிழலுக்கு உடம்பு கிடையாது என்று கண்ணுள்ளவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு யாரும் சொல்லவில்லையே.

கண்ணை மூடிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் படித்த காலத்துப் பிரெய்ல் சட்டம், அதே ஊசி. இதைப் படிக்க இந்த வீட்டில் வேறு ஆளில்லை என்பது ஒரு சௌகரியம்.

மதுரை டாக்டர் அன்றே சொன்னார். "பிறவியில இருந்த புரையை எடுத்தாச்சும்மா. இனிமே பார்க்கப் படிக்கணும். அது கண்ணு வேலை இல்ல, மூளை வேலை." சரி, படிப்போம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், லட்சுமியின் முகம். நூறு பிள்ளைகளுக்கு நடுவே நின்றாலும் இவள் என் மகள் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் பள்ளமோ நிழலோ எப்படியும் கிடக்கட்டும்.

ஜூன் 14

லட்சுமியை எதிரே உட்காரவைத்துப் பார்த்தேன். நெற்றியைப் பிடித்தால் வாய் போய்விடுகிறது. வாயைப் பிடித்தால் கண் எங்கேயோ போகிறது. சிரித்தாள், எல்லாம் கலைந்து வேறொன்று வந்தது. கண்ணை மூடிக் கன்னத்தைத் தடவினேன். அந்த நொடியே லட்சுமி. கண்ணைத் திறந்தேன், யாரோ ஒருத்தி.

"அப்படிப் பாக்காதம்மா. பயமா இருக்கு" என்றாள்.

ஜூன் 17

இதை எழுதவே கை வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் வேறு ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டேன். அது வீறிட்டு அழுதது. லட்சுமி பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "அம்மா, நான் இங்கன நிக்கேன்" என்றாள், யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல, மெதுவாக. குச்சியோடு போன காலத்தில் அவளே ஓடி வந்து என் கையைப் பிடிப்பாள். இப்போது நான் கண்டுபிடிக்கிறேனா என்று காத்து நிற்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் பேங்கில் இன்னும் மூன்று மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள். என் போன் மேஜையில் இப்போது யாரோ பயிற்சிப் பையன் இருக்கிறானாம். இவர் காலையில் வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார், மதினி பூ வாங்கப் போய்விட்டாள். சும்மா சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளறைச் சுவரில், வீட்டுச் சாமிக்கான கன்னிப் பெட்டி இருக்கும் பலகைக்கு மேலே ஒரு கண்ணாடிச் சட்டம். இத்தனை வருஷமாகக் கைக்குத் தெரியும், சாமி படம் என்று நினைத்திருந்தேன். மூக்கு படும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு பெண்பிள்ளை.

இவர் போன மாதம் சொன்னது உடனே நினைவுக்கு வந்தது. "லட்சுமி படத்தைப் பெருசா போட்டு மாட்டணும். நீ பாத்துப் பழகணும்லா." பழைய சட்டத்திலேயே சாமி படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை போல. சொல்லாமல் செய்கிறவர்தான்.

படம் அசைவதில்லை, அதுதான் விசேஷம். நெற்றியைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்தால் நெற்றி அங்கேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் நின்றேன். கால் கடுத்தது. இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் எனக்குக் கிடைத்தன.

ஜூலை 4, வெள்ளி

தினமும் படிப்பு. இரண்டு சடை, இரண்டிலும் சிவப்பு ரிப்பன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. இடது புருவம் சற்று உயரம். நான் வாசம் பிடித்து வாங்கிய பிச்சிப்பூவில் ஒரு கண்ணியைச் சட்டத்தில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே பூ இருந்தது. மதினிக்கும் என் மகள் மேல் எவ்வளவு பிரியம்.

மதினி பின்னால் வந்து நின்றாள், மூச்சிலேயே தெரிந்தது. என் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 12

இப்போது படம் வேண்டியதில்லை. கண்ணை மூடினாலும் முகம் வருகிறது. முப்பத்து நாலு வருஷம் மூடிய கண்ணுக்குள் எதுவுமே வந்ததில்லை.

ஜூலை 19

பார்த்துவிட்டேன். பாத்துட்டேன்.

லட்சுமி வாசல்படியில் வந்து நின்றாள். அலங்கோலமாக இருந்த வெளிச்சம் சட்டென்று கூடி முகமாயிற்று. இரண்டு சடை, ரிப்பன், பல் இடுக்கு எல்லாம் இருந்தன. "லட்சுமி" என்று கத்தினேன். ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அழுதேன், அவளும் அழுதாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கட்டிக்கொண்டபோது தலையைத் தடவினேன். கைக்குச் சடை படவில்லை. ரப்பர் பேண்டு போட்ட ஒற்றைக் குதிரைவால்தான் பட்டது. வாயில் விரல் வைத்துப் பார்த்தேன், பல்வரிசை முழுசாக இருந்தது. கையா கண்ணா, எது பொய்? கை இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை.

ஜூலை 22

டாக்டருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா. மூளை தனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் முதல்ல காட்டும். குறையுறதை அதுவே நிரப்பிக்கும். பழகப் பழகச் சரியாகும்."

ஆகஸ்ட் 7

ஆடித்தபசுத் திருவிழா. ரத வீதியில் எள் போட இடமில்லை. இவர் தோளில் லட்சுமி, என் கை இவர் கையில். எதிரே ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் லட்சுமி நிற்கிறாள். பந்தக்கால் ஓரத்திலும் நிற்கிறாள். ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறாள். அண்ணாந்து இவர் தோளில் பார்த்தேன், அங்கேயும் அதே முகம். எல்லா இடத்திலும் அதே அளவு சிரிப்பு, ஒரே மாதிரி உயர்ந்த இடது புருவம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். "தலை வலிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நண்பகல். லட்சுமி பள்ளிக்கூடத்தில். சமையல்கட்டு வாசலில் நிற்கிறாள். அழைத்தேன், வரவில்லை. எழுந்து போய்க் கையை நீட்டினேன். வாசல் காலியாக இருந்தது. கதவில் மாட்டிய துண்டும் அதன் மேல் ஜன்னல் வெளிச்சமும்தான். கை துண்டைப் பிடித்திருக்கிறது, கண்ணுக்கு இன்னும் அவள் நிற்கிறாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.

மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "யாரட்டி கூப்பிடுத?" என்றாள். "லட்சுமியை மதினி. ரெட்டைச் சடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிக்கிட்டு இங்கன நிக்கிற மாதிரி தெரிஞ்சது" என்றேன். சுளகு கீழே விழுந்தது. அரிசி என் கால்விரல் வரைக்கும் சிதறி வந்தது.

"சிரிச்சாளா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

"சிரிச்சா. ஒரு பல்லு இல்ல."

மதினி உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சந்தோஷ அழுகை அது.

ஆகஸ்ட் 18, மாலை

இவர் வந்ததும் சுவரில் இருப்பது யார் படம் என்று கேட்டேன்.

லட்சுமி படம் இன்னும் ஸ்டுடியோவிலேயே கிடக்கிறதாம். சுவரில் இருப்பது சித்ரா. ஜெயசித்ரா, இவருடைய தங்கை. ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். சின்ன வயதிலேயே போய்ச் சாமியான இந்த வீட்டுக் கன்னி அவள்தான் என்று எனக்குத் தெரியும். நார்ப்பெட்டிக்குள் பாவாடை, வளையல், பவுடர் டப்பா வைத்துக் கும்பிடுவதும் தெரியும். வருஷா வருஷம் புதுப் பாவாடைக்கு நானும்தான் துணி தடவி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். படம் இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. "கண்ணு தெரியாதவகிட்ட படத்தைப் பத்தி என்னன்னு சொல்ல? தோணவே இல்லட்டி" என்றார்.

படத்துக்குப் பூ வைத்திருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தமாம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். தெரியாமல் என்ன? பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத பாடங்கள் எத்தனை இருக்கின்றன இந்தக் கண்ணுலகத்தில்? நான் என் மகளுக்கு என்று நினைத்து ஒன்றரை மாதம் பூ வைத்திருக்கிறேன். ஐயோ, லட்சுமிக்குப் பூ வைத்திருக்கேனே.

ஆகஸ்ட் 24

படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. தெரிந்துவிட்டது, அது தப்பு, அது சித்ரா. இனி போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. தப்பு என்று தெரிகிற இடம் ஒன்று, முகம் இருக்கிற இடம் வேறு. ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்பதில்லை. லட்சுமி சோறு சாப்பிடுகிறாள். சித்ராவின் முகம் மென்று விழுங்குகிறது.

செப்டம்பர் 2

மதினி தினமும் கேட்கிறாள், "இன்னைக்கு வந்தாளா?" வரவில்லை என்று பொய் சொன்னால் அவள் சாப்பிடுவதில்லை. வந்தாள் என்றால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

"அது என் மூளை செய்யுற கோளாறு மதினி. டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன்.

"இருக்கட்டும். உன் மூளையிலயாவது இருக்காள்லா" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்டுடியோவிலிருந்து லட்சுமி படம் வந்துவிட்டது. அசையாத படம், நல்ல வெளிச்சம். காலை முழுக்க அதன் முன்னால் நின்றேன். ஒரு கணம்கூட அந்த முகம் எனக்குக் கிடைக்கவில்லை. சித்ராதான் ரிப்பன் இல்லாமல் இருக்கிறாள்.

செப்டம்பர் 22

லட்சுமி என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, நீ என்னைய பாக்கும்போது சித்ரா அத்தையத்தான் பாக்கியா? பெரியத்தை சொன்னாவ."

இல்லை என்றேன்.

"அப்போ நான் எப்படி இருக்கேன், சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். இடது காதுமடலில் ஒரு சின்ன மடிப்பு. கன்னம் வெயிலில் நின்றால் சூடாகும், நெற்றி ஆகாது. உச்சியில் இரண்டு சுழி.

"கண்ணைத் தொறந்துட்டு சொல்லும்மா" என்றாள்.

திறந்தேன். மடியில் சித்ராவின் முகம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு லட்சுமி எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 23

கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு பழைய மாதிரியே இருந்துவிடுகிறேன் என்று இவரிடம் சொன்னேன். "மதுரைக்கு நாலு தடவை அலைஞ்சது இதுக்கா? கொஞ்ச நாள் பொறு வடிவு" என்றார். பேங்குக்கு வேறு திரும்பப் போயாயிற்று. எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறார்கள். கண் தெரிகிறவள் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தால் ஊர் சிரிக்கும்.

அக்டோபர் 6

லட்சுமி, தானே கேட்டு மதினியிடம் இரட்டைச் சடை போட்டுக்கொண்டாள். தோள் வரைக்கும் உள்ள முடி, குட்டைச் சடைதான். சிவப்பு ரிப்பன் எங்கே இருந்தது என்று கேட்டேன். பெட்டியைத் திறந்த கற்பூர வாசம் வீடெல்லாம் இருந்தது.

அவிழ்க்கச் சொன்னேன். "இருக்கட்டும்மா" என்றாள் லட்சுமி. "ரிப்பன் கட்டினா உனக்கு என்னையத் தெரியும்லா?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். ரிப்பனை அவிழ்த்தேன். மறுபடி கட்டிக்கொண்டாள்.

அக்டோபர் 15

பள்ளிக்கூடத்திலிருந்து கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. "ஆடிச்சு, விழுந்துட்டு" என்றாள். காலையில் பல் தேய்த்துவிட்டது நான். லேசாகத்தான் ஆடியது. ஈறு கிழிந்து வீங்கியிருக்கிறது. எந்தப் பல் என்று மதினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளா, பெட்டியைத் திறந்து படத்தைப் பார்த்தாளா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக்டோபர் 28

இவரிடம் சொன்னேன், மதினியைக் கொஞ்ச நாள் கரிவலம்வந்தநல்லூர் சித்தி வீட்டுக்கு அனுப்பலாம் என்று. "பிள்ளை நல்லாத்தான இருக்கா. முன்னைக்கு இப்போ சிரிக்கா, சாப்பிடுதா. நீயும் அவளைக் கண்டுபிடிச்சிருத. இதுல அக்கா என்ன தப்பு பண்ணுனா?" என்றார். எனக்குத் தப்பை எடுத்துக் காட்டத் தெரியவில்லை.

நவம்பர் 12, புதன்

பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நீலத்தில் மொத்தமாக வெளியே வந்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிந்தாள். யோசிக்கவில்லை. நேரே போய்க் கையைப் பிடித்தேன். என் மகளேதான். "இப்போ நல்லா கண்ணு தெரியுது போல" என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். அவள் அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடது புருவம் சற்று உயரமாக இருந்தது. அதை எப்படிப் பழகினாளோ.

வீட்டுக்கு வந்து அவளை முன்னால் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் காதுமடலைத் தொட வேண்டும் போல இருந்தது. கையை நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"தடவாதம்மா, சடை கலைஞ்சிரும். கண்ணாலயே பாரு."

அப்போது மதினி சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டாள். "ஏட்டி சித்ரா, பால் ஆறுது பாரு."

கோபத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விட்டது. "இந்தா வாரேன்க்கா."

லட்சுமியின் குரல்தான். அத்தை என்று கூப்பிடுகிற பிள்ளை அக்கா என்கிறது. நான் கண்ணைத் திறந்தேன். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து உள்ளே போனாள். முதுகை மட்டும் பார்த்தே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.