தேர்க் கசற்றின்ரை உறைக்குள்ளை

செப். 20, 2003. சனி
விடிய வெள்ளண மழை. குளிர் தொடங்கீட்டுது. கீழ்மாடியிலை உடுப்புத் தோய்க்க எங்கடை முறை, 2 மணிக்கு.

பள்ளிக்கூட மண்டபத்திலை லொப்பமார்க்கெட், பழைய சாமான் விக்கிறது. வாங்கினது: பெரிய சட்டிக்கு மூடி, இவருக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு வீடியோ கசற். கசற் உறையிலை இறகு விசிறியோடை ஒரு பொம்பிளை. விசிறி வடிவாயிருந்தது.

செப். 21. ஞாயிறு
இவருக்கு பஸ் ஓட்டம், பின்னேரம் வரை. தனிய. கசற்றைப் போட்டன்.

பழைய அமெரிக்க மேடை ஆட்டத்தை அப்பிடியே படம் பிடிச்சிருக்கினம். திரைச்சீலையிலை ஒட்டுத் தெரியுது. நிலா காட்போட், ஆடுது. தொளதொளத்த காற்சட்டையோடை ஒரு கோமாளி, பகிடி ஒண்டும் விளங்கேல்லை, ஆனால் சிரிச்சன். பிறகு அவ வாறா. கையுறை கழட்ட மட்டும் ஒரு பாட்டு முழுக்க! ஒவ்வொரு விரலாய். இறகு கொட்டுப்படுது, அதையும் காலாலை தள்ளிவிட்டு ஆடுறா. கடைசியிலை பார்த்தால் ஒண்டும் காட்டேல்லை, திரை விழுந்திட்டுது. என்ன எடுப்பு அவவுக்கு!

மூண்டு தரம் பார்த்தன். பிறகு குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு கையுறை கழட்டிப் பார்த்தன். 44 வயசு. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள். சீ.

ஒளிக்க இடம் யோசிச்சு, எங்கடை கோயில் தேர்த் திருவிழாக் கசற்றை வேறையொரு உறைக்கு மாத்திப்போட்டு, அதின்ரை உறைக்குள்ளை இதை வைச்சன். இவர் தேரை நாலுதரம் பார்த்திட்டார், இனித் தொடமாட்டார். கசற்றிலை ஒட்டியிருந்த இங்கிலீசுப் பேப்பரை உரிச்சாச்சு. உறையிலை செல்வத்தின்ரை எழுத்து: "தேர் 2003." கோயிலிலை வீடியோ எடுத்து எல்லாருக்கும் பிரதி அடிச்சுக் குடுக்கிறது அவர்தான்.

செப். 25. வியாழன்
வேலை. வயோதிபர் இல்லத்திலை இண்டைக்கு மீன் கேக், 60 பேருக்கு. கால் வீக்கம்.

வீட்டை வர இவர் சொல்லுறார், "மேல்மாடிப் புஷ்பக்கா வந்தவ. ஊரிலை இருந்து வந்திருக்கிற மாமிக்குத் தேர் காட்ட வேணுமாம். கசற்றைக் குடுத்துவிட்டனான்."

மேலை ஓடினன், ஆளில்லை. பெல் அடிச்சு அடிச்சுப் பார்த்தன். புஷ்பக்காவுக்கு இரவு வேலை, மாமி தன்ரை மகள் வீட்டை போயிருப்பா. நாளைக்கு எப்பிடியும் வாங்கிப்போட வேணும்.

செப். 26. வெள்ளி
வேலையாலை வரப் பிந்தீட்டுது. அதுக்கிடையிலை புஷ்பக்கா வீட்டிலை கசற்றைப் போட்டிட்டினம். எட்டுப் பொம்பிளையள். மாமி கையெடுத்துக் கும்பிட்டபடி இருந்தவவாம். புஷ்பக்கா போனிலை, "ஐயோ தங்கச்சி, தேர் வரப்போகுது எண்டு பார்த்தால் தேவடியாள் வாறாள்!"

"உடனை நிப்பாட்டினீங்களோ?"

"இருவது நிமிசத்தாலை. மாமிதான், பொறுங்கோ, அந்தப் பிள்ளை என்ன செய்யுது பாப்பம் எண்டவ."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அடுத்ததா அவ சொன்னது: "உந்தச் செல்வத்துக்கு என்ன துணிவு பார்."

அப்பவே சொல்லியிருக்கலாம். "நல்ல மனுசன்தான். ஆனால் தனிய இருக்கிறவர்தானே" எண்டு சொன்னன். என்ரை வாயாலை.

செப். 28. ஞாயிறு
கோயில், நவராத்திரி. கடலை தாளிச்சுக் கொண்டுபோனது, உப்புக் கூடிப்போச்சு.

சப்பாத்துக் கழட்டுற இடத்திலை நிர்வாகத் தலைவர் செல்வத்தை மறிச்சவர். "தம்பி, நவராத்திரிக்கு நீர் எடுக்க வேண்டாம். வேறை ஆளுக்குச் சொல்லியாச்சு. கமராவைக் காரிலை வைச்சிட்டு வாரும்."

"அண்ணை, எட்டு வருசமா நான்தானே..."

"பொம்பிளையள் இருக்கிற இடம், தம்பி."

நான் ரெண்டடி தள்ளி நிண்டனான். சொன்னால் என்ரை மானம் போகும். சொல்லாட்டி அவர்ரை மானம் போகும், போய்க்கொண்டே இருக்குது. வாயைத் திறந்தன். "வாரும், பூசை தொடங்குது" எண்டு புஷ்பக்கா என்ரை கையைப் பிடிச்சா. உள்ளை போயிட்டன். அவ இழுத்தவ எண்டு எழுதலாம். இழுக்கேல்லை, சும்மா பிடிச்சவ.

செல்வம் உள்ளை வரேல்லை.

செப். 29. திங்கள்
நித்திரை இல்லை. வேலைக்குப் போகேல்லை, காய்ச்சல் எண்டு பொய். இவருக்குச் சொல்லுவம் எண்டு மூண்டுதரம் வெளிக்கிட்டன். மூண்டுதரமும் சோறு போடவோ எண்டுதான் கேட்டன்.

செப். 30. செவ்வாய்
வெயில். 4 மணி போலை பெல். செல்வம்.

புதுத் தேர்க் கசற் ஒண்டு கையிலை. உள்ளை வரமாட்டன் எண்டார், வாசலிலையே நிண்டார். சவரம் எடுக்கேல்லை.

"அக்கா, உங்கடை வீட்டிலை இருந்து போன கசற் எண்டு உங்களையும் கதைக்கினம். அதுதான் வந்தனான். லொப்பமார்க்கெட்டிலை பழைய கசற் அள்ளிக்கொண்டுவந்து அதுக்கு மேலைதான் தேர் பதியிறனான். உங்கடையிலை பதியாமல் விட்டிட்டன் போலை. என்ரை பிழைதான்."

தேர் முடிஞ்ச கிழமையே அவர் தந்த கசற்றிலை தேரை முழுக்கப் பார்த்தனாங்கள். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" எண்டன்.

"வேண்டாம் அக்கா. நீங்கள் மன்னிச்சால் காணும். மற்ற ஆக்கள் என்னவும் சொல்லட்டும்."

நான் சொன்னன், "சரி தம்பி, மன்னிச்சிட்டன். இனிக் கவனமா இருங்கோ."

கவனமா இருங்கோ எண்டும் சொன்னனான்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டிட்டுப் படியிலை இறங்கிப் போனார்.