ஆணியில் மெடல் இல்லை

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

ஆணியில் மெடலைக் காணோமே என்று தேடாதே. ஓட்டப் பந்தயம் நடத்தியவர்களிடமே திருப்பிக் கொடுக்க எடுத்துப் போகிறேன்.

இருபத்தொரு கிலோமீட்டரையும் நான் ஓடவில்லை அம்மா. கிடங்கில் மூட்டையோடு சறுக்கிய அதே முழங்கால் வழியில் மடங்கிவிட்டது. முடியாதவர்களை ஏற்றிவரும் வேனில் ஏறிக்கொண்டேன். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் இறக்கிவிட்டார்கள். நொண்டிக்கொண்டு ஓரமாகப் போய்விடத்தான் நினைத்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீ, "அப்பா, இன்னும் கொஞ்சம்தான், விட்டுடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாய். கோட்டைத் தாண்டிவிட்டேன். யாரோ கழுத்தில் மெடலை மாட்டிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்று கிடங்கு மேஸ்திரியிடம், "அடிபட்ட காலோடயே அப்பா முழுசா ஓடி முடிச்சாரு" என்று நீ சொன்னபோது எரிந்து விழுந்தேன். கோபம் உன்மேல் இல்லை. மூன்று நாளாகச் சொல்லப் பார்க்கிறேன், உன் முகத்தைக் கண்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன்.

சாயங்காலம் அவர் மெடலைப் பார்க்க வருவார். உட்காரவைத்து டீ கொடு. விஷயத்தை நானே வந்து சொல்கிறேன். நீ எனக்காக எதையும் சொல்லிச் சமாளிக்காதே.

அப்பா

வீக்கம் இன்னும் வடியவில்லை. வரும்போது டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்னொன்று. பதினாலு கிலோமீட்டர் நிஜமாகவே ஓடினேன். நம்புவதும் நம்பாததும் இனி உன் இஷ்டம்.