லார்ட் தெருவில் மூடிய வேப் கடை

ஃப்ளீட்வுட்,
15 பிப்ரவரி 2026.

அன்புள்ள தம்பி கிளைவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். நான் ஏதோ இருக்கிறேன்.

உன் விலாசத்தை உன் சிநேகிதன் டெர்ரியிடம் வாங்கினேன். மூன்று தடவை கேட்ட பிறகுதான் கொடுத்தான். "அவன் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னான். நீ கெஞ்சுறியேன்னு தர்றேன்" என்றான். நீ போனை எடுப்பதில்லை; செய்தி அனுப்பினால் பார்க்கிறாயா என்பதே தெரியவில்லை. அதனால் கடிதம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழித்துப் போடு. பாதியில் கிழித்துவிடாதே.

வடக்கே நீ இருக்கும் பீட்டர்ஹெட்டில் இங்கே இருப்பதைவிடக் குளிர் அதிகம் என்று வானிலையில் சொல்கிறார்கள். மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்குகிற வேலை என்று கேள்விப்பட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்த வேலையா என்று நினைத்தேன். சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது.

கடைச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் போட்ட மூன்று மாதப் பூட்டு டிசம்பரில் முடிந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே வாடை இன்னும் இருந்தது, அந்த மாம்பழமும் புதினாவும் கலந்த வேப் ஆவி வாடை. இரண்டு வாரம் நானே உட்கார்ந்து பார்த்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் என்னை வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள், வாங்க இல்லை. ஒரு பெண் கண்ணாடிக்கு வெளியே நின்று தன் பிள்ளைக்கு நம் கடையைக் கையால் காட்டி ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ஜனவரியில் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டேன். "கிளைவ் வேப்ஸ்" பலகையை இறக்கியபோது பின்னால் பழைய தையல் கடையின் பெயர் அப்படியே இருந்தது.

லார்ட் தெருவில் ஒரு காலத்தில் சிகரெட்டுக்குப் பதில் ஆவி இழுக்கிற மெஷின் விற்கும் வேப் கடை ஏழு இருந்தது உனக்கு நினைவிருக்கும். டிராமில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போவாய். இப்போது இரண்டு. அதில் ஒன்று பாதி நாள் திறப்பதில்லை. தீர்ந்ததும் தூக்கிப்போடும் வேப்பைப் போன ஜூனில் தடை செய்தார்களே, அதிலேயே பாதிக் கடைகளுக்கு மூச்சு நின்றுவிட்டது. மீதிக் கடைகள் அக்டோபரில் வரப்போகும் வரியை நினைத்து இப்போதே சரக்கைக் குறைத்துவிட்டன. ஒழுங்காக விற்றவர்களுக்கு வியாபாரம் இல்லை. வியாபாரம் இருந்த இடங்களுக்குக் கள்ளச் சரக்கைத் தேடி மோப்ப நாயோடு கவுன்சில் அதிகாரிகள் போனார்கள். நாம் முதலில் ஒழுங்காக விற்றோம், பிறகு மற்ற மாதிரியும் விற்றோம். இரண்டையும் பார்த்துவிட்டோம்.

நம் வாடிக்கையாளர் வில்ஃப் தாத்தா உன்னை விசாரித்தார். ஐம்பது வருடம் புகையிலை சுருட்டிப் பிடித்தவரை நீதானே நிறுத்தினாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தச் சின்ன வேப் மெஷினைக் கொண்டுவந்து, "இது மறுபடியும் கொப்புளிக்குதுப்பா, என்னன்னு பாரு" என்று நீட்டுவார். நீ உள்ளே சூடாகும் கம்பிச் சுருளை மாற்றி, திரவம் ஊற்றி, இழுத்துப் பார்த்துக் கொடுப்பாய். கடை பூட்டிய மூன்று மாதத்தில் அவருக்கு அதை மாற்றிக் கொடுக்க ஆளில்லை. இணையத்தில் வாங்க அவருக்குத் தெரியாது. நான் போயிருக்கலாம், போகவில்லை. நவம்பரில் பேருந்து நிறுத்தத்தில் புகையிலையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "திட்டாதம்மா ஜனீன். நான் எங்க போவேன்?" என்றார். இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். ஒரு வாக்கியம் பேச நாலு தடவை நிறுத்துகிறார்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

ஜூலையில் பேக்கரியில் வேலை செய்யும் பெர்னடெட்டின் மகள் லேசி பள்ளிக் கழிப்பறையில் வலிப்பு வந்து விழுந்தாளே, அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. பதினாலு வயதுப் பெண், குழாய்களுக்கு நடுவில் ஒரு கையளவு இருந்தாள். பெர்னடெட் பேக்கரி ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். லேசி இழுத்த வேப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எனக்குக் காட்டினாள். ஊதா நிறம், மேலே நாய்க்குட்டிப் படம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம் கடைக் கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பலகையை நகர்த்தினால் இருக்கிற பெட்டியில் அதே ஊதா, அதே நாய்க்குட்டி. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்காமல், வேனில் கள்ளச் சரக்கு கொண்டுவருகிறவனிடம் நீ வாங்கி வைத்தது.

பெர்னடெட் சத்தம் போடவில்லை. "லேசிக்கு மூணு வயசுல உன் தம்பிதான் என் சிகரெட்ட நிறுத்துனான் ஜனீன். புள்ளைக்காக நிறுத்துன்னு மூணு வாரம் தெனமும் எனக்குப் போன் பண்ணுனான்" என்றாள்.

மறுநாள் கடையில் உன்னிடம் கேட்டேன். நீ அந்தப் பெண்ணுக்கு விற்கவில்லை, அவள் சிநேகிதிக்கு விற்றாய், வயது கேட்கவில்லை. அதை ஒத்துக்கொண்டாய். உன் முகம் வெளுத்துப் போயிருந்தது. அழுதுவிடுவாய் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நான் அதன்பின் செய்ததைச் செய்திருக்க மாட்டேன். நீ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, "அது நம்ம கடச் சரக்குதான்னு எவன் நிரூபிப்பான்? இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு, வித்துட்டு நிறுத்திடறேன்" என்றாய்.

கிளைவ், கவுன்சிலுக்குப் போன் செய்தது நான்தான்.

டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டு போட்டுக் காக்க வைத்தார்கள். மூன்று டிராம் போனது. ஒவ்வொன்று வரும்போதும் இதில் ஏறிவிட்டால் செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு ஒரு பெண் எடுத்தாள். பலகை, தொட்டி, பெட்டி எல்லாம் சொன்னேன். "உங்க பேர நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்மா" என்றாள். அந்த வார்த்தைக்குப் பின்னால்தான் இத்தனை மாதம் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

சோதனைக்கு வந்த நாய்தான் மோப்பம் பிடித்தது என்று நீ முதலில் எல்லாரிடமும் சொன்னாய். நாய் கல்லாப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அதிகாரி யாரையும் கேட்காமல் நேராகக் கழிப்பறைக்குப் போனார். நீ அப்போது அதைக் கவனிக்கவில்லை. நான் தேநீரைக் கல்லாமேல் கொட்டிவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்ததைத்தான் கவனித்தாய். "நீ வீட்டுக்குப் போ, உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாய். நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டபோதும், "அக்காவுக்கு எதுவும் தெரியாது" என்று நிமிர்ந்து நின்று சொன்னாய். நான் பின்வரிசையில் இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் தினமும் கேட்கிறேன்.

போன் செய்ததற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. லேசிக்கு இன்னும் இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த இரண்டு பெட்டியையும் நீ விற்றிருப்பாய். மறுபடியும் அதே நாள் வந்தால் மறுபடியும் போன் செய்வேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறொன்றுக்கு, வேறொருவரிடம்.

பக்கத்துக் கடை முடிதிருத்துகிற ரேபின்தான் காட்டிக்கொடுத்தான் என்று பிறகு டெர்ரி மதுக்கடையில் சொன்னான். நீ நம்பினாய். பள்ளிப் பிள்ளைகள் நம் கடைக்குள் போவதைப் பார்த்து, "இது வேணாண்ணே" என்று அவர் ஒருநாள் உன்னிடம் சொன்னாராமே, அது போதுமாக இருந்தது உனக்கு. நம் கடையைப் பூட்டிய வாரம் ஞாயிற்றுக்கிழமைக் காலை அவர் கடைக் கண்ணாடியில் செங்கல்லை எறிந்துவிட்டு என் சமையலறைக்கு வந்து சொன்னாய். திங்கட்கிழமை ரயில் ஏறிவிட்டாய். அந்த இரண்டு நாளில் உண்மையைச் சொல்ல எத்தனை தடவை வாயைத் திறந்து மூடினேன், உனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. அன்று அவர் கடை மூடியிருந்தாலும் உள்ளே ஆள் இருந்தார். ரேபின் தரை பெருக்கிக்கொண்டிருந்தார். புருவத்துக்கு மேல் ஐந்து தையல். இன்னும் அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தால் கண். யார் எறிந்தது என்று போலீஸ் கேட்டதற்குப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். பார்த்திருக்கிறார்.

அதோடு முடியவில்லை. டெர்ரியும் மற்ற இரண்டு பேரும் வாரம் ஒரு தடவையாவது அவர் கதவில் துப்பிவிட்டுப் போகிறார்கள். ஷட்டரில் பெயிண்டால் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்று என் கையால் எழுத மாட்டேன். மாடியில் அவர் மனைவி இருக்கிறாள், நான்கு மாதக் கர்ப்பம். அவள் தனியாகக் கீழே இறங்குவதில்லை. மார்ச் பிறந்ததும் கடையை விட்டுவிட்டு ஊர் மாறுவதாக இருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை அவர் கடைக்குப் போய், வாடிக்கையாளர் வெளியே போகும்வரை நின்றிருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த சீப்பையே மறுபடியும் துடைத்தார். பிறகு சொன்னார்: "உங்க தம்பிக்குக் கடை போச்சு, கோவப்பட்டாரு. அது எனக்குப் புரியுதுக்கா. ஆனா நீங்க தெனமும் காலையில என்னப் பாத்துச் சிரிச்சீங்களே. என் நெத்தியில கட்டோட நிக்கும்போதும் சிரிச்சீங்க. அதுதான் எனக்குப் புரியல."

இதையெல்லாம் போலீசில் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "உங்க தம்பிக்குத் தெரியணும். அவரு சொன்னா துப்புறவங்க நிறுத்துவாங்க. நீங்க சொன்னா நிறுத்த மாட்டாங்க" என்றார்.

அது உண்மை. டெர்ரியிடம் சொன்னேன். சிரித்தான். "தம்பி மேல உள்ள பாசத்துல பழிய நீயே ஏத்துக்கப் பாக்குற, ரேபின் போலீசுக்குப் போயி கிளைவ் ஜெயிலுக்குப் போயிடக் கூடாதுன்னு" என்றான். நான் செய்த ஒரே ஒரு நேர்மையான காரியத்தை இந்த ஊரில் நம்ப ஒருவரும் இல்லை.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். டெர்ரிக்கு ஒரு போன் போடு. நீளமாகப் பேச வேண்டாம். "அது ரேபின் இல்ல, எங்கக்கா" என்று சொன்னால் போதும். அதன்பின் அவர்கள் துப்ப வேண்டிய கதவு எது என்று அவர்களுக்குத் தெரியும். நான் வீட்டில்தான் இருப்பேன்.

மார்ச்சுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

எனக்குப் பதில் எழுது என்று கேட்க மாட்டேன். திட்டி ஒரு வரி எழுதினாலும் எடுத்து வைத்துக்கொள்வேன். ஒன்றும் எழுதாவிட்டாலும் உன்மேல் வருத்தமில்லை. உன் தடித்த நீலக் கம்பளிச் சட்டை இங்கே கிடந்தது, துவைத்து இதோடு தனிப் பொதியாக அனுப்பியிருக்கிறேன். வடக்குக் காற்றில் நெஞ்சைத் திறந்துபோட்டு நிற்காதே. அங்கே சந்தையில் எல்லாரும் நீட்டுவார்கள். சிகரெட்டை மட்டும் மறுபடி தொட்டுவிடாதே, தம்பி. எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், உன் மூச்சு தடையில்லாமல் வந்து போகட்டும்.

என்றும் உன்,
அக்கா ஜனீன்.