பாண்டியன் மாமாவின் படகு கடலுக்குப் போய்விட்டது

நெமிலிச்சேரி,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் முணுமுணுக்கிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிருக்குக் கனமாக உடுத்தி, நல்லபடியாக இருக்கிறாய் என்று மனசில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் உடனே போன் போடு. தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் பாதிக்கு வருவதற்குள் உனக்கு ட்யூட்டி வந்துவிடுகிறது. உன்னோடு அயர்லாந்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் எழில் லீவு முடிந்து திரும்புகிறாள், முறுக்கும் பருப்புப்பொடியும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இந்தப் படகுக் கதையையும் முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன், சாவகாசமாகப் படி.

போன வருஷம் கார்த்திகையில் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் பாண்டியன் மாமா படகு கவிழ்ந்தது உனக்குத் தெரியும். மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடப் போன முகமது ஆசிக்குக்கு மட்டும் கால் முறிந்து கம்பி வைத்தார்கள் என்று அப்போது சொன்னேன். அதற்குப் பிறகு மாமா இருந்த இருப்பைத்தான் உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிற பெண்ணை எதற்குக் கலங்க வைப்பது என்று விட்டுவிட்டேன். அலை தூக்கியபோது தான் படகைத் திருப்பிய திருப்பில்தான் கவிழ்ந்தது, ஆசிக்கின் காலைத் தான்தான் முறித்துவிட்டோம் என்று அவனுக்குள் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனவன் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான். படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, விஜி அத்தையையும் பிள்ளைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, நம் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். அப்பா சொல்லி சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. விடிந்து வருவான், போட்டதைச் சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். என் தம்பி, சின்ன வயதில் தூக்கத்தில்கூடப் பேசுகிற பிள்ளை, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். விஜி இறால் விற்றுத்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். போன் செய்தால் அவள் கேட்டது ஒன்றுதான், அவரு சிரிச்சாரா அண்ணி என்று.

மாசி மாதம் யாரோ அந்தப் படகை உடைத்து எடுத்துக்கொள்ளக் கேட்டார்கள் என்று விஜி சொன்னாள். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபைபர் கம்பெனியில் எத்தனை வருஷம் தண்ணீர்த் தொட்டியும் பாத்ரூம் கதவும் வார்த்தவள், படகும் அதே ரெசின் பசை, அதே ஃபைபர் மேட் விரிப்புதானே. நானே சரி செய்கிறேன் என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மறுநாளே லாரிக்குச் சொல்லிவிட்டார். படகு நம் தெருவுக்குள் வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். முனை திரும்ப முடியாமல் லாரி நின்று, கேபிள் ஒயரைக் குச்சியால் தூக்கிப் பிடித்து, கடைசியில் நம் கேட்டுக்குள் நுழையாமல் பக்கத்துக் காலி மனையில் டயர்களை அடுக்கி அதன் மேல் கவிழ்த்துப் போட்டோம். போகிற ஆட்டோக்காரர் எல்லாம் நிறுத்தி, “இன்னாமா, மழ சேதி எதுனா வந்துச்சா, சொன்னா நாங்களும் ஒண்ணு வாங்கி வெச்சுக்குவோம்ல” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. “எக்கா, இத்த ஏன் இங்க கொணாந்தே? கொளுத்து, இன்னா வேணா பண்ணு, என் கண்ணுல மட்டும் காட்டாத” என்றான். அன்றிலிருந்து வேலைக்குப் போவதும் வருவதும் பின்வாசல் வழியாகத்தான்.

நீ திட்டுவாய் என்று தெரியும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முகமூடி போட்டுக்கொண்டுதான் தேய்த்தேன், கண்ணாடியும் போட்டேன், முழுக்கைச் சட்டை அப்பாவுடையது. ஃபைபர் தூள் கையில் பட்டால் என்ன அரிப்பு என்று எனக்கா தெரியாது. பக்கத்து ஃப்ளாட்டில் நிஷா என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், சேலத்துக்காரி, கம்ப்யூட்டர் வேலை, கைக்குழந்தை இருக்கிறது. ரெசின் வாடை குழந்தைக்கு ஆகாது ஆன்ட்டி என்று வந்து நின்றாள். கோபமாகத்தான் வந்தாள், நியாயமும் அவள் பக்கம்தான். காற்று அவர்கள் ஜன்னல் பக்கம் அடிக்கிற நாளில் ரெசினைத் தொடுவதில்லை என்று சொன்னேன், அப்படியே செய்தேன். பிறகு அவளே பால்கனியில் நின்று இன்னைக்குக் காத்து அந்தப் பக்கம் ஆன்ட்டி, கலக்குங்க என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். வெயில் நாளில் அது வேறு ஒரு தொல்லை, ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் ஒரு துளி கூடிப்போனால் கலக்கிய டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிடும். அதனால் விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டுத்தான் சமையலுக்கு வருவேன், அதுவரை அப்பாதான் காப்பி போட்டார், அது காப்பியா என்று நீ வந்து குடித்துப் பார்த்துச் சொல்.

அடிப்பக்க விரிசல்களை எல்லாம் அடைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தேன். இன்ஜினை மாட்டுகிற பின்பலகை, வெளியே பார்த்தால் ஃபைபர், உள்ளே கனமாகப் பிளைவுட் வைத்து மூடியிருப்பார்கள். சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் மற்ற இடமெல்லாம் டங்கென்று கேட்கிறது, அங்கே மட்டும் நனைந்த சாக்கு மூட்டையைத் தட்டுகிற மாதிரி சத்தமே இல்லை. கிரைண்டரால் மேல்தோலை அறுத்தேன். கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது கவி, சாக்கடை நாற்றம். உள்ளே பலகையே இல்லை, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. மாமா அந்தப் படகைப் பழசாகத்தான் வாங்கினான், அதற்கு முன்னால் இன்ஜின் போல்ட் போட்டவர் யாரோ, துளையை ஒழுங்காக அடைக்காமல் விட்டிருக்கிறார், வருஷக்கணக்காக அது வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே அழுகியிருக்கிறது. போல்ட் துளைகள் எல்லாம் கீழ்நோக்கிக் கிழிந்திருந்தன. கவிழ்ந்த பிறகுதான் இன்ஜின் கழன்று கடலோடு போனது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தோம். திருப்பியதால் கவிழவில்லை, இன்ஜின் பிய்த்துக்கொண்டு போனதால்தான் படகு திரும்பியே விட்டிருக்கிறது.

அந்தச் சொதசொதப்பை ஒரு கை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனேன். மாமா உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், அப்பா கத்தினார், சாப்பிடுகிற இடத்தில் இது என்ன கண்றாவி என்று. மாமா அதை எடுத்து முகர்ந்து பார்த்தான், பிழிந்தான், தண்ணீர் சொட்டியது. இது எங்க இருந்துச்சு என்று கேட்டான். பின்பலகைடா என்றேன். கையைக்கூடக் கழுவாமல் முன்வாசல் வழியாக வெளியே வந்தான், நான் அறுத்த ஓட்டைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டான், விட்டபடியே அப்படியே நின்றான். “எக்கா, இது முன்னியே செத்துப் போய்க்கீதுக்கா. நா நேரா வந்திருந்தாலும் அன்னிக்குப் பிச்சுக்கினுதான் போயிருக்கும்” என்றான். பிறகு அந்த டயர் மேல் உட்கார்ந்துகொண்டு அழுதான். தெருவில் ஆள் போகிறது, வருகிறது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன், என் கையெல்லாம் ரெசின், அவன் சட்டையே பாழ். அப்பா உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார், அந்த மனிதருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்.

ஆனால் அதோடு தீரவில்லை. போய் ஆசிக்கிடம் சொல்லுடா என்றால், “இன்னா மூஞ்சிய வெச்சுக்கினு போவேன், இத்தன நாளா எட்டிக்கூடப் பாக்கல” என்று மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா ஆசிக்கின் நம்பரை விஜியிடம் வாங்கி, படகில் ஒரு சந்தேகம், நீ வந்து பார்த்தால்தான் சரிப்படும் என்று வரச் சொல்லிவிட்டார். அவனும் ரயில் மாறி வந்து நம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டான். மாமா அவனைக் கண்டதும் எழுந்து, பலகையைக் காட்டி, போல்ட்டைக் காட்டி, மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தான். ஆசிக் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, “அண்ணாத்தே, பலக இன்னா ஆச்சுன்னு நா கேட்டனா? கடல்ல ஆயிரம் ஆவும். நா மாசக்கணக்கா படுத்துக்கினு கெடந்தேன், நீ வருவ வருவன்னு வாசலயே பாத்துக்கினு இருந்தேன், நீ வர்ல. அதுக்குத்தான் எனக்குக் கோவம்” என்றான். அப்புறம், “என் காலு மாட்டிக்கினப்போ நீதான தம் கட்டி முங்கி இழுத்தே, அத்த மறந்துட்டியா?” என்றான். அந்த விஷயமே எங்கள் யாருக்கும் தெரியாது கவி. இவ்வளவு நாளும் அதை மட்டும் மாமா சொல்லவே இல்லை. அவன் நினைவில் இருந்ததெல்லாம் அந்தத் திருப்பம் மட்டும்தான்.

ஆசிக் அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை, நான்கு நாள் தங்கி வேலை பார்த்துவிட்டுத்தான் போனான். புதுப் பிளைவுட்டை அறுத்து ரெசினில் ஒட்டி வைத்தது மாமா, மேட் விரித்து ரோலர் ஓட்டியது நான், ஒரு காற்றுக்குமிழ் இல்லாமல் ஓட்ட வேண்டும், நான் ஓட்டுவதற்குப் பின்னாலேயே ஆசிக் கண்ணை வைத்துக்கொண்டு இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணு என்று விரலை நீட்டி என் உயிரை எடுத்தான். போல்ட் துளைகளை மாமா தானே அடைத்தான், வேறு யாரையும் தொட விடவில்லை. வர்ணம் பழைய நீலமே என்று மாமாவும் ஆசிக்கும் சொன்னார்கள், விஜி போனிலேயே, “மஞ்சள் அடிங்க அண்ணி, கரையில நிக்கிறவளுக்குத்தான் தூரத்துல தெரியணும்” என்று சொல்லிவிட்டாள், மஞ்சள்தான். படகை நிமிர்த்துகிற அன்றைக்கு ஆள் போதாமல் நிஷாவின் புருஷன், இஸ்திரி போடுகிறவர், எதிர்வீட்டில் கல்யாணத்துக்கு வந்திருந்த நான்கு பேர் எல்லோரும் கை கொடுத்தார்கள். அத்தனை பேருக்கும் கேசரி கிண்டினேன்.

ஆனியில் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய், பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டி இறக்கினோம். மாமா தேங்காய் உடைத்தான், ஆசிக் துவா செய்தான். நான் பின்பலகையை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன், யார் சரிசெய்த படகு என்று கேட்டால் என்னைத்தானே காட்டுவார்கள். மாமா திரும்பிப் பார்த்து, “ஏறுக்கா” என்றான். பொம்பளைகள் ஏறுகிற வழக்கமில்லையே என்று நான் தயங்க, இத்த செஞ்சது ஆரு என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அத்தனை வயதுவரை கரையில் நின்று பார்த்தவள், முதல் தடவையாக ஏறினேன். முகத்துவாரத்தைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன், ஆசிக்தான் தோளைத் தட்டி, “அக்கா, தாண்டியாச்சு, கண்ணத் தொற” என்றான். திறந்தால் நாலா பக்கமும் தண்ணீர், மாமா பாட்டு முனகிக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் நிற்கிறான், படகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு வாந்தி வந்தது, அதைப் பார்த்து மாமா சிரித்தான். விஜியிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன், சிரிச்சுட்டாண்டி என்று.

இப்போது மாமா வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு போய்விட்டான், ஆசிக் இன்னும் ஆழத்துக்குப் போவதில்லை, ஏரிக்குள் போகிற நாளில் மட்டும் கூடப் போகிறான். முன்னறையில் மாமா படுத்த கட்டிலை மடித்து வைத்துவிட்டேன், அப்பா அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், காற்று பலமாக அடித்தால் எழுந்து ஜன்னலைப் பார்க்கிறேன். அதனால் விஜியும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம், படகு கரை தொட்டதும் அவள் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், நான் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகக் காத்திருக்கிற நேரத்தைப் போக்கத்தான். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, கை ஓடாமல் அப்படியே பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதோ, இப்போதுதான் போன் அடித்து நின்றது. வந்துவிட்டார்கள்.

சரி கண்ணு, நீ தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்தவர்களோடு நிறைவாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். நைட் ட்யூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. மாமாவுக்கு ஒரு தடவை போன் பண்ணு, படகைப் பற்றிக் கேள், நிறுத்தவே மாட்டான், பொறுமையாகக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க ஆசையோடு இருக்கும் அம்மா,
சுசீலா கோவிந்தராஜ்.