வலது இறக்கை டாங்க்

மார்ச் 4, செவ்வாய்

இப்போதே ஏப்ரல் வெயில். காலை 6:30, கொட்டகை. வ. இறக்கையின் அடியில் மறுபடியும் மஞ்சள் கறை. ஜனவரியில் கசிவு என்று நான் பதறியது வெறும் பனித்துளி. ஆரோக்கியம் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். எனவே இந்த முறை அவனையே முகரச் சொன்னேன்.

"பெட்ரோல்தாங்க மாமா. இந்தவாட்டி நீங்க பாஸ்."

ஆரோக்கியம் என் மனைவி மேரியின் தம்பி. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்தியவன். நாலு வருடமாக இருவரும் சேர்ந்து கட்டிய இரண்டு இருக்கை விமானம். அனுமதி வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் முதல் பறப்பு. அவன் மட்டும் ஏறுவான்.

செய்தவை: வ. டாங்க் காலி. காயவிட்டது. மேல் மூடியைக் கழற்றி உள் மூலைகளில் பசை. கை எட்டாத மூலை ஒன்று. பூசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. நெற்றியில் சாம்பல், விரலில் பசை. காயும்வரை தொடக் கூடாது. இரண்டு முறை தொட்டேன்.

மார்ச் 6, வியாழன்

சோதனை. டாங்கின் வாய்களை எல்லாம் அடைத்து, ஒன்றில் மட்டும் வளைத்துக் கட்டிய குழாய். அதில் நீலம் கலந்த தண்ணீர். சைக்கிள் பம்பால் டாங்குக்குள் கொஞ்சம் காற்று. அது தள்ள, குழாயின் வெளிப்பக்கம் தண்ணீர் ஏறி நிற்கும். காற்று கசிந்தால் இறங்கும். காலை 7 மணிக்குக் குறி வைத்தேன். 9 மணிக்குக் குறிக்கு அரை விரல் மேல். இறங்கவில்லை.

பதிவேடு: "வ. டாங்க், கசிவு இல்லை." கையெழுத்து.

ஆரோக்கியம் பெங்களூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டான். "சனிக்கிழம ரயிலேறி மொரப்பூர் வந்துரு. உங்க மாமாவே கையெழுத்துப் போட்டுட்டாரு, அதுக்கு மேல என்ன வேணும்?"

கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

ஒழுங்குக்காக இடது டாங்கையும் அதே முறையில். அது ஒருநாளும் ஒழுகியதில்லை. 7 மணிக்குக் குறி. 8:15க்குப் போய்ப் பார்த்தால் நீலத் தண்ணீர் குழாயின் வாய்க்கு ஏறி வெளியே கொட்டியிருக்கிறது. எதை உடைத்தேன் என்று தேடினேன். ஒன்றுமில்லை. பிறகு தகரக் கூரையைப் பார்த்தேன்.

வெயில் ஏறக் கொட்டகை சூடாகும். டாங்குக்குள் இருக்கும் காற்றும் சூடாகும். ஓட்டையில்லாத டாங்கில் தண்ணீர் ஏறிக் கொட்டத்தான் வேண்டும். நேற்று வலதில் அரை விரல்தான் ஏறியது. மீதிக் காற்று எங்கே?

31 வருடம் நடத்திய பாடம். வெப்பநிலை குறிக்காத பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான்.

மாலை சிலுவைப்பாதை. ஆரோக்கியம் என் பக்கத்தில்தான் முழங்காலிட்டான். அவனிடம் சொல்லவில்லை. இதுவும் பனித்துளியாகிவிட்டால்?

மார்ச் 8, சனி

சரியான தூக்கமில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டினேன். மேரி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமதான சாம்பல் பூசுனீங்க, அதுக்குள்ள என்ன பாவம்?"

சொன்னேன். கை நிற்கவில்லை அவளுக்கு.

"சாமியார்கிட்ட சொல்லி? வானத்துல ஏறப்போறது அவருங்களா? ஏறுறவன்கிட்ட போயிச் சொல்லுங்க."

அதே சட்டையோடு கொட்டகைக்கு. ஆரோக்கியம் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மகள் வந்துவிட்டாளாம், வீட்டில் தூங்குகிறாளாம். பதிவேட்டில் எழுதியது தப்பு என்றேன். இரண்டு டாங்கையும் விளக்கினேன். நடுவில் நாலைந்து 'ஒருவேளை'.

துணியைக் கீழே வைத்தான். சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஊரே வருது மாமா."

"தெரியும்."

"ஒருவேளையா, நிச்சயமாவா?"

"நிச்சயம்னு சொல்ல பயமா இருக்கு. சொல்லாம இருக்க அதவிட பயமா இருக்கு."

பதிவேட்டை எடுத்து நீட்டினான். "நீங்களே அடிச்சிருங்க."

அடித்தேன். கோடு கோணல்.

மாலை 4: வ. டாங்க் நிறையப் பெட்ரோல். அடியில் முழுக்கச் சாக்கட்டித் தூள் தடவினோம். துளி கசிந்தாலும் கறை தெரியும்.

5: காய்ந்திருக்கிறது.

6: காய்ந்திருக்கிறது. ஆரோக்கியத்தின் மகள் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, மாவு சலிச்சாச்சா?" என்றாள். பசை பிடித்துத்தான் இருந்ததோ. கூட்டம் கூடும் நாளை நானே கெடுத்தேனோ.

மார்ச் 9, ஞாயிறு

காலை 5:50. இருவரும் கொட்டகை. முதலில் இறக்கையின் தகரத்தைத் தடவிப் பார்த்தேன். பனி இல்லை. பிறகுதான் குனிந்தேன்.

தூளில் ஈரம். எட்டணா அளவு. என் கை எட்டாத அந்த மூலைக்கு நேர் கீழே.

ஆரோக்கியம் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து, விரலால் தொட்டு முகர்ந்தான். "பெட்ரோல்தாங்க. இன்னைக்குப் பறக்கல." எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டான்.

"பூசைக்கு நேரமாச்சு, வாங்க மாமா."