ஜெய்சல்மேர் விண்ணப்பத்தில் ஒரு பெயர்

12 நவம்பர் 2014, புதன்.

யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

இன்று தங்கை மகள் ஸ்டெல்லா குவார்ட்டர்ஸுக்கு வந்து, எனக்காக கம்பெனியின் எல்.டி.சி. பயணச் சலுகை விண்ணப்பம் நிரப்பினாள். ஜெய்சல்மேரில் மூன்று நாள்.

"அங்க ஒட்டகம் எவ்ளோ உயரம் மாமா?"

"நம்ம டவுன்ஷிப் தண்ணி டேங்க் அதுக்கு முழங்கால் வரைக்கும்தான். நானும் அத்தையும் அதுமேல ஒக்காந்துகினு மேகத்துல மூஞ்சி கழுவினோமே!"

"புளுகாதீங்க. நீங்க விருத்தாசலத்தையே தாண்டினதில்ல. யார் யார் போறீங்க, பேர் சொல்லுங்க."

"நானு, ரோஸி" என்றேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சொல்லிப் பழகிய வாய்.

அவள் பேனா நின்றது. என் மனைவி ரோஸி இறந்து எட்டு மாதமாகிறது. ஸ்டெல்லா அந்த வரியைக் காலியாக விட்டாள்.

ஒட்டகம் பொய். மேகமும் பொய். ஷிப்டைக் காரணம் காட்டி வருஷா வருஷம் பயணத்தை நான்தான் தள்ளிப்போட்டேன். பாலைவனம் பார்க்க வேண்டும் என்று ரோஸி கேட்டது மட்டும் நிஜம்.