மேற்குக் கரையில் எடுத்த படம்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் இரண்டு சுற்று. சர்க்கரைக்காகத் தொடங்கிய நடை. இப்போது குளத்தைச் சுற்றிப் போட்ட கல் பாதையில் கால் வைக்காவிட்டால் எனக்குப் பொழுதே விடிவதில்லை. மேற்குக் கரையில் வடநாட்டு ஆள் ஒருவன் ஒரு நாரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குந்தியிருந்தான். கறிக்குத்தான், வேறென்ன? படம் எடுத்து நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன்: ‘நம் குளத்துப் பறவையைத் திருடுகிறார்கள்.’ வீடு வந்து சேர்வதற்குள் நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

நவம்பர் 10

படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஆளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் சுக்தேவ், வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலையாம். நேற்று சாயங்காலம் நான்கைந்து பேர் அவன் தங்கியிருக்கும் லைன் வீட்டுக்கே போய் அடித்திருக்கிறார்கள். கம்பெனியும் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. குழுவை நடத்தும் அர்த்தநாரி அண்ணன், ‘சாரதாமணி டீச்சருக்கு ஒரு சபாஷ்’ என்று எழுதியிருந்தார். நன்றி போட்டேன்.

அடித்தது அதிகம்தான். ஆனால் திருட்டு திருட்டுதானே?

நவம்பர் 11

பாதையைக் கூட்டும் மருதம்மாள் இன்று என்னை நிறுத்தினாள். அன்றைக்கு அவளும் அங்கே இருந்தாளாம்.

“அதுங்கால்ல தூண்டில் நரம்பு சுத்திக் கெடந்துச்சுங்க. அந்தாளு அறுத்து உட்டாரு. நீங்க அந்தப் பக்கம் போனதும் பறந்துருச்சு. நீங்க பாக்கலீங்களா?”

இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த முழுப் படத்தைப் பெரிதாக்கினேன். அவன் விரலில் நூல் வெட்டும் சின்னக் கத்திரி. நாரையின் காலில் வெள்ளையாக ஒரு கோடு. குழுவில் போட்டதில் இது இரண்டும் இல்லை. ஆள் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று கீழ்ப்பாதியை வெட்டியது நான்தான்.

நவம்பர் 13

குழுவில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். யாருக்குப் பயப்படுகிறேன் — அந்த நாற்பது பேருக்கா?

நவம்பர் 15

நடக்கப் போகவில்லை. முட்டி வலி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனை வாங்கி இரண்டு படத்தையும் பார்த்தார். பிறகு, “உன்ற மேல தப்புன்னு தெரிஞ்சு அஞ்சு நாளாச்சா?” அவ்வளவுதான் கேட்டார்.

அஞ்சு நாளு. இருபத்தாறு வருசம் புள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவ நானு. என்ன ஜென்மமோ.

நவம்பர் 23, ஞாயிறு

லைன் வீட்டில் விசாரித்தோம். இப்போது அவிநாசிபாளையம் பக்கம் ஒரு சின்னப் பனியன் யூனிட்டில் அயர்ன் போடுகிறானாம். இவர் வண்டியில் கூட்டிப்போனார்.

முப்பது வயதிருக்கும். இடது புருவத்தில் தையல். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். “நான் ஒண்ணும் பண்ணலீங்க அக்கா.” நம் ஊர்த் தமிழ். எங்களிடம்தான் கற்றிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்டேன். “அம்மாகிட்டச் சொல்லுங்க. படம் எங்க ஊருக்கும் போயிருச்சு. நான் சொன்னா நம்பலீங்க” என்று போனில் அம்மாவை அழைத்தான். திரையில் முக்காடு போட்ட ஒரு முகம்.

எனக்கு இந்தி வராது. “உங்க மகன் திருடலீங்க. நாந்தான் பொய் எழுதுனேன்” என்றேன். அவனே அதை இந்தியில் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த அம்மா எதையோ கேட்டார்கள்.

“ஏன் அப்படிப் பண்ணுனீங்கன்னு கேக்கறாங்க.”



நவம்பர் 24

முழுப் படத்தையும் நான் செய்ததையும் குழுவில் போட்டேன். வேலம்பாளையம் கம்பெனிக்கும் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அர்த்தநாரி அண்ணன் போனில், “அடங்கிப்போனதை எதுக்குங்க டீச்சர் கிளறறீங்க? அடிச்சவங்க பேரெல்லாம் வெளிய வருமுங்க” என்றார். வரட்டும் என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கம்பெனி அவனைத் திரும்பக் கூப்பிட்டதாம். அவன் போகவில்லை. வியாழக்கிழமை ஊருக்கு ரயில் ஏறிவிட்டான் என்று லைன் வீட்டுக்காரர் சொன்னார்.

இன்று ஒரு சுற்று நடந்தேன். முன்னால் போன குழுவினர் திரும்பிப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார்கள். நான் கூப்பிடவில்லை.